மகள் தீர்ப்பு

ஸ்கூடாய், ஜொகூர் பாரு
6 ஆகஸ்ட் 2025

அப்பா,

உங்கள் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஏதோ பழுது என்று நினைத்துக் கடைக்குப் போய் நிற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் நீங்கள் குரல் பதிவு அனுப்புவீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் கேட்க வந்ததை விட்டுவிட்டுச் சிரித்துவிடுவேன். இந்தத் தடவை சிரிக்க விருப்பமில்லை. அதனால்தான் தபால். நீங்களும் தபாலிலேயே பதில் எழுதுங்கள்.

கல்லூரியில் வீடியோ கேம் வடிவமைப்பு வகுப்பு தொடங்கிவிட்டது. எங்கள் விரிவுரையாளர் பெயர் லக்ஷ்மிப்ரியா. முதல் நாள் பெயர் வாசிக்கும்போது என் பெயரில் கொஞ்சம் நின்றார். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார்.

“உங்கப்பா ‘இரண்டு கண்ட்ரோலர்’ பத்தி எழுதுறவரா?”

“ஆமா மிஸ்!” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“அப்போ அதுல வர்ற பத்து வயசுப் பிள்ளை நீங்கதானா?”

“நான்தான் மிஸ். சின்னப் பிள்ளையில நானும் அப்பாவும் சேர்ந்து விளையாடுவோம். அப்பா விமர்சனம் எழுதுவாங்க. கடைசியில ‘மகள் தீர்ப்பு’ன்னு ஒரு கட்டம் வரும். நான் சொன்னதை அப்படியே போடுவாங்க.”

“‘நீர்நாய் வீடு’ ஞாபகம் இருக்கா?”

“இல்லையே மிஸ். நல்ல கேமா?”

“அது நாங்க மூணு பேர் சேர்ந்து செஞ்சது,” என்றார். “உங்களுக்குப் பிடிக்கல.”

போனில் எடுத்துக் காட்டினார். 2020 ஜூன் மாத இதழ். குடும்பமாக உட்கார்ந்து விளையாடும் கன்சோலுக்காக நம் ஜொகூரிலேயே செய்த கேம் என்று நீங்கள் நன்றாகத்தான் தொடங்குகிறீர்கள். பெரிய நீர்நாயை ஒருவர் ஓட்ட வேண்டும், குட்டியை இன்னொருவர் ஓட்ட வேண்டும். பிறகு அந்தக் கட்டம்: “அப்பா, இந்த நீர்நாய்க்கு என்னைப் பிடிக்கவே இல்ல. கூப்பிட்டாலும் வரமாட்டேங்குது. வேற விளையாடலாமா?” பத்துக்கு மூன்று.

இந்த வரியை ஆங்கிலத்திலும் மலாயிலும் மற்ற விமர்சகர்கள் எடுத்துப் போட்டார்களாம். வெளிநாட்டில் விற்றுத் தருகிறோம் என்ற சிங்கப்பூர் கம்பெனி பின்வாங்கிவிட்டதாம். மிஸ்ஸும் அவர் நண்பர்களும் அந்த நீர்நாயைத் திரும்பச் செய்து, திரும்பச் செய்து, கடைசியில் கடையை மூடிவிட்டார்களாம்.

“உங்க மேல கோபம் இல்லம்மா,” என்றார். “பெரியவங்க எழுதினதுன்னா போங்கடான்னு விட்டிருப்போம். பத்து வயசுப் பிள்ளை எதுக்குப் பொய் சொல்லப் போவுதுன்னு நம்பிட்டோம்.”

அப்பா, 2020 ஜூனில் எனக்குப் பதினான்கு வயது. அம்மாவோடு கோத்தா திங்கிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த நேரம். நீங்கள் சிம்பாங் ரெங்கத்தில், நான் கோத்தா திங்கியில். நாம் பார்த்துக்கொள்ளவே இல்லை. நீங்கள் எனக்குக் கொடுத்தனுப்பிய கன்சோல் அதற்கு முந்திய வருடக் கடைசி வெள்ளத்தில் போய்விட்டது. சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை.

அந்த நீர்நாயை நான் பார்த்ததே கிடையாது. மிஸ்ஸிடமும் அப்படியே சொன்னேன். நான் எப்போது அப்படிச் சொன்னேன்?

லோஷினி


சிம்பாங் ரெங்கம்
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லோஷிம்மாவுக்கு,

தபால்காரர் மோட்டார் வாசலில் நின்றதும் தண்ணீர் பில் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் உன் கையெழுத்து! இன்னும் ‘ழ’வுக்கு வால் நீளமாகத்தான் போடுகிறாய். இந்தக் காலத்தில் எந்தத் தகப்பனுக்கு மகள் கையால் எழுதிய கடிதம் வருகிறது? கோபக் கடிதமாகவே இருக்கட்டும்.

விடுதிச் சாப்பாடு எப்படி? எழுதவே இல்லையே. உறைப்பு தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காராதே.

கன்சோல் வெள்ளத்தில் போனதை இத்தனை வருடம் என்னிடம் மறைத்திருக்கிறாய். அதுதான் என்னைச் சுட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே வேறு வாங்கி அனுப்பியிருப்பேன். நானும் கேள்வி கேட்கலாம் அல்லவா?

நீ கேட்டதற்கு வருகிறேன். எத்தனையோ கேம்கள் எழுதியாயிற்று. எது எப்போது சொன்னது என்று இப்போது எனக்கே சரியாக நினைவில்லை. வேறொரு கேமுக்கு நீ சொன்ன வார்த்தை இதில் கலந்திருக்கலாம். சின்ன வயதில் நீ பேசியதெல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது; எழுதும்போது தானாக வந்து விழும். பத்தி எழுத்து என்றால் அப்படித்தான். வாசகர்களுக்கும் அது தெரியும். ஒரு மாதப் பத்திரிகையில் வந்த நாலு வரியால் யாரும் கடையை மூட மாட்டார்கள். உன் விரிவுரையாளருக்கு மனக்கசப்பு இருக்கலாம், பாவம். மதிப்பெண் போடுகிறவர், கவனமாக நடந்துகொள்.

உனக்கு ஆச்சரியமாக வைத்திருந்த செய்தியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் கமலநாதன் என் பத்திகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார். தலைப்பே ‘மகள் தீர்ப்பு’. அட்டையில் நீல சோபாவில் நீ கண்ட்ரோலரோடு உட்கார்ந்திருக்கும் படம். முன்பல் இல்லாமல் சிரிப்பாயே, அது. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை ஜொகூர் பாருவில் வெளியீடு. முதல் பிரதியை நீதான் மேடையில் வாங்க வேண்டும். “பிள்ளையைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க யுகேன், ஜனங்க அதைப் பார்க்கத்தான் வருவாங்க” என்கிறார் கமலநாதன்.

தடையை எடுத்துவிடு அம்மா. பேசிக்கொள்ளலாம்.

உன் அப்பா


ஸ்கூடாய்
25 ஆகஸ்ட் 2025

அப்பா,

உங்கள் கடிதத்தை நம்பத்தான் பார்த்தேன். ஏதோ கலந்துவிட்டது, அவ்வளவுதான் என்று. நிச்சயப்படுத்திக்கொள்ளப் பத்திரிகையின் இணையத்தில் பழைய பத்திகளைத் திறந்தேன். முதலில் இருந்தே வாசித்தேன்.

தொடக்கத்தில் இருப்பது நான்தான். அந்தக் கார் ஓட்டும் கேமில் தோற்றுவிட்டு, “ரோட்டுக்குத்தான் காடி ஓட்டத் தெரியல” என்று சொன்னேனே, அது இருக்கிறது. வாசித்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு நாங்கள் வீட்டைவிட்டு வந்த மாதம் வருகிறது. அடுத்த இதழிலும் நான் சோபாவில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கடுத்த இதழிலும். எனக்குப் பத்து வயது. மறுவருடமும் பத்து வயது. பதினைந்து வயதில் நான் படிவம் மூன்றில் படித்தபோது உங்கள் பத்தியில் எனக்குப் பல் விழுகிறது. அம்மா மைலோ கலக்கிக்கொண்டு வந்து, “ரெண்டு பேரும் கண்ணைக் கெடுத்துக்காதீங்க” என்கிறார். அம்மா அந்த வீட்டில் இல்லை, அப்பா!

நான் திட்டிய கேம்கள், நான் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிய கேம்கள், “இது பணம் பறிக்கிற கேம்” என்று நான் பெற்றோரை எச்சரித்த கேம்கள். ஒன்றையும் நான் தொட்டதில்லை. எத்தனை வீட்டில் அதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்திருப்பார்கள், ஒன்றை வேண்டாம் என்றிருப்பார்கள்?

வார இறுதியில் கோத்தா திங்கி போய் அம்மாவிடம் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டே என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மைலோ கலக்கும் வரி வந்ததும் கையை நிறுத்தினார்.

“நாம இல்லாத வீட்டுல அவருக்கு இருக்க முடியல போல,” என்றார். “நாம இருந்தப்ப மட்டும் என்னவாம்?”

மறுபடி மீனைக் கழுவத் தொடங்கினார்.

எனக்கு எது தாங்கவில்லை என்று சொல்கிறேன். அந்தக் கட்டுப்பாட்டு மாதங்களில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: “ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினோம்.” அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருந்தேன். எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். நீங்கள் எனக்குப் போன் செய்திருக்கலாம். மாதம் ஒரு தடவை, “சாப்பிட்டியாம்மா, படிக்கிறியாம்மா” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். எனக்கு உங்களிடம் பேச ஒன்றும் இல்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பிள்ளையோடு மட்டும் நீங்கள் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறீர்கள்.

எனக்கு இரண்டு வேண்டும். நாங்கள் போன பிறகு வந்த எந்தத் தீர்ப்பும் நான் சொன்னதல்ல என்று அடுத்த இதழில் நீங்கள் எழுத வேண்டும். ‘நீர்நாய் வீடு’ பெயரைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். இரண்டாவது, புத்தக அட்டையில் என் படம் வரக்கூடாது. மேடைக்கு நான் வரமாட்டேன்.

மிஸ் என்னை ஒன்றும் செய்யவில்லை. மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது எனக்கு அவமானமாக இருந்தது.

லோஷினி


சிம்பாங் ரெங்கம்
2 செப்டம்பர் 2025

லோஷினி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றும் பத்தி மாதிரியே வருகிறது. நகைச்சுவை தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதில் வந்தாலும் பொறுத்துக்கொள்.

நீயும் அம்மாவும் வீட்டைவிட்டுப் போன அந்த மாதமே கமலநாதனுக்குப் போன் செய்து பத்தியை நிறுத்திவிடலாம் என்றுதான் சொன்னேன். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர், “அலமாக், மகள் தீர்ப்புக்குத்தானய்யா கடிதம் வருது, உங்களுக்கா வருது?” என்றார். சரி, இந்த ஒரு மாதம் என்று நினைத்தேன். உட்கார்ந்து எழுதினேன். நீ சொல்லக்கூடியதைத்தான் எழுதினேன். எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது. அது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு மாலை வீட்டில் ஆள் இருந்த மாதிரி இருந்தது. அடுத்த மாதமும் எழுதினேன்.

உனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்கிறாய். செய்தபோதெல்லாம் நீ “ம்”, “சரிப்பா”, “அம்மா கூப்பிடுறாங்க” என்பாய். வளர்ந்த பிள்ளையோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளையோடு தெரியும்.

இனி அந்த நீர்நாய். அது இரண்டு பேருக்கான கேம். வீட்டில் நான் ஒரு ஆள்தான். கட்டுப்பாட்டு நேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக்கூடக் கூப்பிட முடியாது. ஒரு கண்ட்ரோலரைக் கையிலும் இன்னொன்றைத் தொடையிலும் வைத்துக்கொண்டு விளையாடிப் பார்த்தேன். அலையாத்திக் காட்டுப் பகுதியில் பெரிய நீர்நாய் ஆற்றைக் கடந்து அக்கரை போய் நின்றுகொண்டு கூப்பிடும். குட்டி இக்கரையிலேயே நிற்கும். நான் இதை விட்டு அதை எடுப்பதற்குள் தண்ணீர் ஏறிவிடும். மறுபடி முதலில் இருந்து. கண்ட்ரோலரை எறிந்துவிட்டேன். சுவரில் அடையாளம் இன்னும் இருக்கிறது.

“கூப்பிட்டாலும் வரமாட்டேங்குது.” அதைச் சொன்னது நான்தான். என் பெயரில் எழுதியிருந்தால் ஒருவன் தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் கேமை விளையாடிவிட்டுக் குறை சொல்கிறான் என்று தெரிந்துவிடும். உன் வாயில் போட்டேன்.

இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. நீ கேட்டபடி இந்த இதழிலேயே திருத்தம் எழுதிவிடுகிறேன். கமலநாதனிடமும் பேசுகிறேன். நம்பு.

அப்பா


ஸ்கூடாய்
22 செப்டம்பர் 2025

அப்பா,

உங்கள் போன கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். தடையைக்கூட எடுத்துவிடலாம் என்று இருந்தேன். சனிக்கிழமை இதழ் வந்தது.

நீங்கள் எழுதியது இதுதான்: “என் வீட்டு நீதிபதி இப்போது கல்லூரி மாணவி. போன வாரம் என்னைக் கூப்பிட்டு, ‘அப்பா, சின்னப் பிள்ளையில ஒரு கேமுக்கு அநியாயமா மார்க் போட்டுட்டேன், மனசு கேட்கல’ என்றாள். பிள்ளைகள் வளர்வார்கள், தீர்ப்புகளும் வளரும். ‘நீர்நாய் வீடு’, மகளின் மறு தீர்ப்பு: பத்துக்கு ஏழு!”

வகுப்பில் எல்லாரும் கைதட்டினார்கள். “உன் அப்பா ஸ்வீட்லா” என்றாள் பக்கத்தில் இருந்தவள். மிஸ் மட்டும் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார்: “லோஷினி, நீங்க இன்னும் அதை விளையாடவே இல்லையே?”

 பழையதை நீங்கள் எழுதியபோது எனக்குத் தெரியாது. இதை எழுதியபோது உங்களுக்கு எல்லாம் தெரியும். என் இரண்டு கடிதமும் உங்கள் மேசையில் இருந்தன. ‘மனசு கேட்கல’ என்று நான் சொன்னேனா? ‘அநியாயமா மார்க் போட்டுட்டேன்’ என்றா? உங்கள் தப்பை மறுபடியும் என் தப்பாக்கி, அதற்கு என்னையே மன்னிப்பும் கேட்க வைத்துவிட்டீர்கள். பத்தொன்பது வயதிலும் நான் பேச நீங்கள் விடவில்லை.

ஆற்றங்கரையில் தனியாக நின்ற கதையைச் சொல்லி என்னை அழ வைத்தீர்களே. அதை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

கமலநாதன் அங்கிளுக்கு நானே எழுதிவிட்டேன். எல்லாவற்றையும். என் பிறந்த தேதி, அம்மாவும் நானும் வீட்டைவிட்டு வந்த மாதம் எல்லாம் போட்டு. உங்கள் கடிதங்களை அனுப்பவில்லை. அவை எனக்கு எழுதியவை.

லோஷினி


சிம்பாங் ரெங்கம்
1 அக்டோபர் 2025

லோஷினிக்கு,

கமலநாதன் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நான் உங்களை நம்பி இத்தனை வருஷம் அந்தக் கட்டத்துல கை வெச்சதே இல்லய்யா” என்றார். நீ எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் அடுத்த இதழில் போடப் போகிறார். புத்தகம் இல்லை. பத்தியும் இல்லை. அச்சான அட்டைகளை என்ன செய்வது என்று அச்சகத்தார் எனக்குத்தான் போன் செய்கிறார்கள்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேண்டீன் அக்கா உட்பட எல்லாரிடமும் வெளியீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நான் செய்தது தப்பு. உன் திருத்தத்தை எழுத உட்கார்ந்தேன், சத்தியமாக உட்கார்ந்தேன். முதல் வரியில், ‘என் மகள் என்னோடு இல்லை’ என்று எழுத வேண்டியிருந்தது. அதை எழுதக் கை வரவில்லை. வேறு எழுதினேன். ஆனால் கமலநாதனுக்கு எழுதுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரோ ஒரு விரிவுரையாளருக்காகப் பெற்ற அப்பாவை ஊர் முன்னால் நிறுத்திவிட்டாய்.

பத்து வயது லோஷினி இதைச் செய்திருக்க மாட்டாள்.

தீபாவளிக்கு கோத்தா திங்கி வரலாம் என்று இருக்கிறேன். வரலாமா?

யுகேந்திரன்


ஸ்கூடாய்
10 அக்டோபர் 2025

அப்பா,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். அவள் செய்திருக்க மாட்டாள்தான். அவளை நீங்கள் செய்தீர்கள். அவள் என்ன செய்வாள் என்பது உங்களுக்குத்தானே தெரியும்.

மிஸ்ஸுக்காக நான் எழுதவில்லை. எழுதினேன் என்று அவருக்கு முதலில் தெரியாது. தெரிந்ததும், “எதுக்கும்மா? ஆறின விஷயம்” என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறவில்லை.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் நானே கேட்டேன்: “மிஸ், அந்த கேம் இன்னும் இருக்கா? நான் விளையாடலாமா?”

மறுநாள் தன் கன்சோலைக் கொண்டுவந்து ஆய்வறை டிவியில் மாட்டினார். அவர் பெரிய நீர்நாய், நான் குட்டி. முதல் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. சேற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கலாம். மிஸ் வேண்டுமென்றே என்னைத் தள்ளிவிட்டார், இரண்டு பேரும் சத்தம் போட்டோம். மீன் பிடிக்கும் இடம் நன்றாக இருந்தது. பிறகு அலையாத்திக் காட்டுப் பகுதி வந்தது. போகிறது, போகிறது, முடியவே இல்லை. குட்டிக்கு அங்கே வேலையே இல்லை. பெரியது கூப்பிடும்போதெல்லாம் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் குட்டி திரும்புவதற்கே நேரம் எடுக்கிறது. கை சும்மா இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மிஸ் கண்ட்ரோலரை வைத்துவிட்டு, “சொல்லுங்க” என்றார்.

பொய் சொல்லலாம் என்றுதான் முதலில் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு ‘ரொம்ப நல்லாருக்கு மிஸ்’ என்று சொல்வதுதான் நியாயம் என்றுகூடத் தோன்றியது. ஏழு போட்டுவிடலாமே என்று. அப்போது எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

“அந்தக் காடு போரடிக்குது மிஸ்,” என்றேன். “சின்ன நீர்நாய்க்கு அங்க ஒண்ணுமே இல்ல. பின்னாலயே போய்க்கிட்டு இருக்கு. அதுக்கும் ஏதாவது கொடுத்திருக்கலாம்.”

மிஸ் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீர்நாய்க்குப் பிள்ளையைப் பிடிக்கலன்னு எழுதியிருந்தாங்க. அதனால நாங்க அதோட மூஞ்சியை மாத்தினோம், குரலை மாத்தினோம், கட்டிப்பிடிக்க வெச்சோம். ஒரு வருஷம். காட்டை யாரும் தொடல,” என்றார். “இதை அப்பவே ஒருத்தர் சொல்லியிருந்தா ஒரு மாசத்துல சரிபண்ணியிருப்போம்லா.”

அப்பா, இதை நீங்கள் அறிய வேண்டும். அந்த கேமில் குறை இருந்தது. உங்களுக்கும் அது பட்டிருக்கிறது. உங்கள் பெயரில், உங்கள் வாயால், ‘நான் தனியாக விளையாடினேன், இந்த இடத்தில் குட்டிக்கு வேலை இல்லை’ என்று எழுதியிருந்தால் அது அவர்களுக்கு உதவியிருக்கும். மூன்று மதிப்பெண்ணே போட்டிருந்தாலும் உதவியிருக்கும்.

நான் மதிப்பெண் ஒன்றும் போடவில்லை. மிஸ் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் காட்டுப் பகுதியைத் திறந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். சரி என்றேன்.

தீபாவளிக்கு அம்மாவிடம் கேட்டேன். “வந்தா சாப்பாடு போடுவேன், சாப்பிட்டுப் போகட்டும்” என்றார். அது அம்மா சொன்னது. நான் வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. உங்கள் எண்ணைத் தடையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. நீங்கள் வாசலில் வந்து நின்றால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அதை நீங்களும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வராதீர்கள்.

லோஷினி